நொதிகளின் சரித்திரம் – 7: சத்தியக் கொட்டையும் அதன் சந்ததியும்

நொதியொன்று தொழில் புரியும் வேகத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் சூத்திரத்தை லியோனார் மைக்கேலிஸ் என்ற ஜெர்மானியரும் மாட் மென்டன் என்ற கனடா தேசத்துப் பெண்மணியும் 1913ஆம் ஆண்டில் பெர்லினில் வகுத்த வரலாற்றைச் சென்ற இதழில் கண்டோம். அதே மைக்கேலிஸ் மறு ஆண்டிலேயே பெக்ஸ்டைன் என்பவரோடு சேர்ந்து, கரும்புச் சர்க்கரையைப் பிளக்கும் இன்வர்ட்டேஸ் என்ற நொதியின் வேலையைத் தடை செய்யும் பொருள்களை ஆராய்ந்து, அத்தடைகள் யாவும் ஒரே இயல்பினவல்ல என்று எழுதினார். தடைப்பொருள்களின் கதையை அக்கட்டுரையிலிருந்து தொடங்குவதுதான் கிரமம் என்று தோன்றும். ஆயினும், நொதி என்ற கருத்தே விஞ்ஞானிகளின் மனத்தில் உருப்பெறாதிருந்த காலத்தில், மேற்கு ஆப்பிரிக்காவின் ஆற்றங்கரையொன்றில் ஒரு தடைப்பொருள் நீதிபதியின் ஆசனத்திலேயே வீற்றிருந்து மனிதரின் உயிர்களைக் குறித்துத் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தது என்பதால், நாம் அங்கிருந்தே புறப்படுவோம்.

இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கு மூலையில், கடலுக்கு அணித்தாகக் கலபார் என்ற ஊர் இருக்கிறது. அங்கு வாழும் எஃபிக் மக்கள், கொடியாகப் படர்ந்து வளரும் அவரைக் குலத்துத் தாவரம் ஒன்றின் கரும்பழுப்பு விதையை எசெரே என்று அழைத்தனர். சூனியம் வைத்தான் என்றோ, வேறு கொடிய குற்றம் இழைத்தான் என்றோ ஒருவன் மீது பழி விழுந்தால், அவன் சத்தியக் கொட்டையாகிய அந்த விதையை உண்டோ, அதை அரைத்துக் கலக்கிய நீரைப் பருகியோ ஊரார் முன்னிலையில் தன் நேர்மையை மெய்ப்பிக்க வேண்டும்; வாந்தியெடுத்துப் பிழைத்தவன் நிரபராதி, மாண்டவன் குற்றவாளி. குற்றமற்றவன் அச்சமின்றி ஒரே மூச்சில் விழுங்கிவிடுவதால் வயிறு குமட்டி விஷம் வெளியேறிவிடும் என்றும், குற்றமுள்ளவன் நடுங்கி நடுங்கிச் சிறிது சிறிதாக உட்கொள்வதால் விஷம் உடலிற் சுவறிவிடும் என்றும் பிற்காலத்தார் ஒரு விளக்கம் கூறினர். கேட்பதற்கு இது அழகாக இருக்கிறதே தவிர, அச்சமே உருவான நிரபராதிகள் எத்தனை பேர் இதில் மாண்டிருப்பர் என்று எண்ணுங்கால் எனக்கு அவ்விளக்கத்தில் மனம் ஒட்டவில்லை. ஆப்பிரிக்கரின் அறியாமை என்று இதைத் தள்ளிவிடவும் நமக்கு உரிமை இல்லை. நம் சுசீந்திரத்தில் கொதிக்கும் நெய்யிற் கைமுக்கி உண்மையை நிறுவும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நடைபெற்றது.

1846ஆம் ஆண்டில் கலபாருக்கு வந்து சேர்ந்த ஸ்காட்லாந்துப் பாதிரிமார்கள் இக்கொடுமையைக் கண்டு மனம் பதைத்ததோடு நில்லாமல், அந்த விதைகளிற் சிலவற்றைத் தம் தாய்நாட்டுக்கு அனுப்பியும் வைத்தனர். அவை எடின்பரோ நகரில் ராபர்ட் கிறிஸ்டிசன் என்ற பேராசிரியரின் கைக்கு வந்தன. விஷ சாஸ்திரத்தில் தமக்கு நிகர் ஒருவரில்லை என்று பெயர் பெற்றிருந்த அவர், ஐம்பத்தேழு வயதைத் தாண்டிய பின்னும், பிறர் சொல்லக் கேட்பதில் திருப்தியடையாதவராய், 1855ஆம் ஆண்டில் ஓர் இரவு விதையின் எட்டில் ஒரு பங்கைத் தாமே தின்றுவிட்டுப் படுக்கைக்குச் சென்றார். விசேஷமாக ஒன்றும் நேரவில்லை என்று கண்டு மறுநாட் காலையில் அதைப்போல் இருமடங்கு உட்கொண்டார். சிறிது நேரத்தில் தலை சுழன்றது, அங்கங்கள் சோர்ந்தன, நாடி தளர்ந்தது. தெளிவு மட்டும் மாறாதிருந்த அந்த மனிதர், அப்பொழுதுதான் சவரம் செய்துகொண்டு மிச்சம் வைத்திருந்த சோப்பு நீரை எடுத்து மடமடவென்று குடித்து வாந்தி வரவழைத்துக்கொண்டு உயிர் தப்பினார். தாம் பெற்ற அனுபவத்தைக் கணமும் தவறாமல் கிரமமாக எழுதியும் வைத்தார். அக்காலத்து விஞ்ஞானிகளின் துணிவை மெச்சுவதா, அவர்தம் மனைவிமாரின் பொறுமையை மெச்சுவதா என்பது வாசகர்கள் தீர்மானிக்க வேண்டிய விஷயம்.

கிறிஸ்டிசனின் மாணவர் தாமஸ் ஃபிரேசர் இவ்விதையையே தம் ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகக் கொண்டு 1862ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். விதையின் சத்து கண்மணியைச் சுருங்கச் செய்கிறது என்ற செய்தி அவர் வாயிலாக ஆர்கைல் ராபர்ட்சன் என்ற கண் மருத்துவரை எட்டியது. அவரும் கிறிஸ்டிசனின் வழியையே பின்பற்றித் தம் கண்ணிலேயே அதைச் சொட்டிப் பார்த்து, கருவிழியின் நடுவேயுள்ள துவாரம் ஊசிமுனையளவாய்க் குறுகுவதை 1863ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். கண்ணுள் நீரழுத்தம் மிகுந்து பார்வையைப் பறிக்கும் கிளாக்கோமா நோய்க்கு அந்தச் சத்தை மருந்தாகக் கொடுக்கலாம் என்பதை லூட்விக் லாக்கர் என்ற ஜெர்மானியர் 1876ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அவரும் அந்நோயால் வருந்தியவரே. இதற்கிடையில் ரசாயனிகள் விதையின் சத்தைப் பிரித்தெடுத்து, தாவரத்தின் பெயரால் பைசோஸ்டிக்மின் என்றும், எஃபிக் மக்களின் சொல்லை மறவாமல் எசெரின் என்றும் இரு பெயர்கள் வழங்கினர். கொல்லவும் செய்கிறது, கண்ணைக் காக்கவும் செய்கிறது. ஆனால் உடலுக்குள் சென்று அது யாது செய்கிறது என்பது மட்டும் அறுபதாண்டுக் காலம் எவருக்கும் விளங்கவில்லை.

விளக்கம் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரிலிருந்து, இரண்டு தவளைகளின் இதயங்கள் வழியாக வந்தது. ஆட்டோ லோவி என்பவர் 1921ஆம் ஆண்டில் ஒரு தவளையின் இதயத்தை, அதன் வேகத்தைத் தணிக்கும் நரம்போடு சேர்த்து உப்பு நீரில் இட்டு, அந்நரம்பைத் தூண்டி இதயத் துடிப்பைக் குறையச் செய்து, பின்னர் அந்த நீரை எடுத்து நரம்பே இல்லாத மற்றோர் இதயத்தின் மீது ஊற்றினார். அதுவும் துடிப்பைக் குறைத்துக்கொண்டது. ஆகவே, நரம்பு தன் ஆணையைப் பிறப்பிப்பது ஒரு ரசாயனப் பொருளின் மூலமாகவே என்பது பிரத்யட்சமாயிற்று. அப்பொருளே அசிட்டைல்கோலின். ஆணை பிறந்தால் மட்டும் போதாது, நிறைவேறியதும் அது அழியவும் வேண்டுமன்றோ? 1926ஆம் ஆண்டில் லோவியும் அவருடைய துணைவர் நவ்ராட்டிலும், இதயத் தசையில் அப்பொருளை விரைந்து சிதைக்கும் நொதியொன்று உண்டு என்றும், எசெரின் சிறிதளவு சேர்த்தால் அந்நொதி செயலற்றுப் போவதால் ஆணை அழியாமல் நீடிக்கிறது என்றும் காட்டினர். எசெரின் தானாக ஒன்றையும் செய்வதில்லை. செய்யவேண்டிய ஒன்றைச் செய்யவொட்டாமல் தடுக்கிறது, அவ்வளவே. கண்மணி சுருங்குவதும், உமிழ்நீர் பெருகுவதும், நாடி தளர்வதும், மூச்சு நின்று மனிதன் மாள்வதும் ஆகிய யாவும் ஓயாத அந்த ஆணையின் விளைவுகள். ஒரு மருந்தின் செயலை ஒரு நொதியின் தடையாக விளக்கிய முதல் நிகழ்ச்சிகளுள் இது தலையாயது என்பது என் அபிப்பிராயம்.

நிற்க. தடுக்கிறது என்பது தெரிந்தது, எவ்வாறு தடுக்கிறது?

இதற்குரிய விடையின் முதற்பகுதியை வேறொரு நொதி தந்தது. கேம்பிரிட்ஜில் ஹாப்கின்ஸ் என்ற பேராசான் நடத்திய ஆய்வுக்கூடத்தில் குவாஸ்டெலும் உல்ட்ரிட்ஜும் பாக்டீரியாக்களின் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். சக்சினிக் அமிலத்திலிருந்து ஹைட்ரஜனைக் கழற்றும் நொதியிடம், அவ்வமிலத்தையே உருவத்தில் ஒத்த, ஆனால் ஒரு கரியணு மட்டும் குறைந்த, மலோனிக் அமிலத்தைக் கொடுத்தபோது, நொதி தன் வேலையைக் கைவிட்டதை அவர்கள் 1928ஆம் ஆண்டில் எழுதினர். மலோனிக் அமிலம் நொதிக்கு எவ்விதச் சேதமும் விளைப்பதில்லை. பந்தியில் ஓர் இலையின் முன் வந்து அமர்ந்துகொண்டு, உண்ணாமலும் எழாமலும் இருந்து, உண்மையான விருந்தாளியை நிற்க வைத்துவிடும் மனிதனைப் போல, அது நொதி வினை நிகழ்த்தும் கிளர்வு மையத்தில் சக்சினிக் அமிலத்துக்குரிய இடத்தைப் பற்றிக்கொள்கிறது. கழற்றுவதற்கு ஏற்ற அமைப்பு அதனிடம் இல்லாமையால் நொதியால் அதை ஒன்றும் செய்ய முடிவதில்லை. ஆனால் அது அங்கே ஒட்டிக்கொண்டுவிடுவதும் இல்லை. வருவதும் போவதுமாகவே இருக்கிறது. எனவே சக்சினிக் அமிலத்தை மேன்மேலும் கொட்டினால், எண்ணிக்கையில் மிகுந்த அதுவே பெரும்பாலும் இடம் பெற்று, தடை நீங்கி, நொதி தன் பழைய உச்ச வேகத்தை அடைந்துவிடுகிறது. இதுவே போட்டித் தடை எனப்படும்.

போட்டியற்ற தடை என்பது வேறு. தடைப்பொருள் கிளர்வு மையத்தை நாடாமல் நொதியின் மற்றோர் இடத்திற் சென்று பற்றுகிறது. நொதி வினைபுரியும் தளப்பொருள் தனக்குரிய இடத்தில் தாராளமாக வந்து சேர்கிறது, ஆனால் வினைதான் நடைபெறுவதில்லை. தளப்பொருளை எவ்வளவு கொட்டினாலும் உச்ச வேகம் மீளாது. நொதியின் ஒரு பகுதியை அகற்றிவிட்டாற்போன்ற நிலைமை ஏற்படுகிறது. மைக்கேலிஸும் பெக்ஸ்டைனும் பிரித்துக் காட்டியது இவ்விரண்டையுமே. மூன்றாவதாக, தளப்பொருள் வந்து பற்றிய பின்னரே நொதியிடம் தனக்கு இடம் கிடைக்கும் விபரீதமான வகையொன்றும் உண்டு. அங்கே தளப்பொருள் பெருகப் பெருகத் தடையும் வலுக்கும். மனநோய்க்குக் கொடுக்கப்படும் லித்தியம் உடலிலுள்ள ஒரு நொதியை இவ்வகையில் தடுப்பதைப் பிற்காலத்தில் கண்டனர். இவ்வகை அரிதாகையால் இங்கே அதை விரிக்கவில்லை.

குவாஸ்டெலின் மலோனிக் அமிலம் ஆராய்ச்சியாளருக்கு அரியதோர் உபகரணமாக வாய்த்தது. ஆற்றின் நீரோட்டத்தை அறிய விரும்புவோர் ஓரிடத்தில் அதை அடைத்துப் பார்ப்பது இயல்பு அல்லவா? ஹான்ஸ் கிரெப்ஸ் 1937ஆம் ஆண்டில் ஷெஃபீல்டு நகரில், புறாவின் மார்புத் தசையை அரைத்து அதனுடன் மலோனிக் அமிலத்தைச் சேர்த்து, அடைபட்ட இடத்தில் சக்சினிக் அமிலம் தேங்குவதைக் கொண்டே, நாம் உண்ணும் உணவு உடலிற் சிறிது சிறிதாக எரியும் வழி நேர்கோடன்று, ஒரு சக்கரம் என்று நிறுவினார். அதுபற்றிப் பின்னர் ஒரு முழு இதழே எழுதவேண்டியிருக்கும்.

போட்டித் தடை ஆய்வுக்கூடத்தின் விளையாட்டல்ல, நோய் தீர்க்கும் வழியும் ஆகும் என்பது சல்ஃபா மருந்துகளால் தெரிந்தது. ஜெர்மனியில் டோமாக் என்பவர் பிரான்டோசில் என்ற செஞ்சாயம் எலிகளை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளிடமிருந்து காப்பதை 1932ஆம் ஆண்டின் இறுதியிற் கண்டு 1935இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பாரிஸ் பாஸ்டர் நிலையத்தார், அச்சாயத்தினின்று உடலில் பிரியும் நிறமற்ற சல்ஃபனிலமைடு என்ற பகுதியே மருந்து, சாயம் வெறும் போர்வை என்று காட்டினர். இருப்பினும் ஒரு புதிர் எஞ்சியது: சீழ் நிறைந்த புண்ணில் மருந்து பலிக்கவில்லை, ஈஸ்ட் சாற்றைச் சேர்த்தாலும் பலிக்கவில்லை. லண்டனில் டொனால்டு உட்ஸ் 1940ஆம் ஆண்டில் அந்தச் சாற்றில் மறைந்திருப்பது பாரா-அமினோபென்சாயிக் அமிலம் என்று நிர்ணயித்தார். சல்ஃபனிலமைடின் இரட்டைப் பிறவி போன்ற அதன் ஓர் அணுத்திரள், மருந்தின் ஆயிரக்கணக்கான அணுத்திரள்களின் செயலை முறிக்கவல்லதாயிருந்தது. கிருமி தனக்கு வேண்டிய ஃபோலிக் அமிலத்தை அவ்வமிலத்தைக் கொண்டே சமைத்துக்கொள்கிறது. சல்ஃபா அச்சமையலைச் செய்யும் நொதியின் இடத்தை அபகரிக்கிறது. நாமோ ஃபோலிக் அமிலத்தைக் கீரையிலும் பருப்பிலுமிருந்து ஆயத்தமாகவே பெறுகிறோம். அந்நொதி நம்மிடம் இல்லை. கிருமியைக் கொன்று மனிதனை விட்டுவிடும் இரகசியம் இதுதான். உட்ஸின் வழிகாட்டியான ஃபில்ட்ஸ், இனிமேல் கிருமிக்கு இன்றியமையாத பொருளைக் கண்டுபிடித்து அதன் போலியைச் செய்தாலே மருந்து கிடைக்கும் என்று உற்சாகமாக எழுதினார். அவர் எண்ணிய அளவு எளிதாக இல்லாவிடினும், பிற்காலத்து மருந்துகள் பலவும் அச்சித்தாந்தத்தின் மக்களே.

இப்பொழுது நம் எசெரினுக்குத் திரும்புவோம். அது மேற்சொன்ன வகைகளுள் எதைச் சேர்ந்தது? கிளர்வு மையத்திற்கே வருவதால் போட்டித் தடை என்றே பலகாலம் எண்ணியிருந்தனர். உண்மை அதனினும் நுட்பமானது. அசிட்டைல்கோலினை நொதி சிதைக்கும்போது, அதன் அசிட்டைல் பகுதி ஒரு கணம் நொதியின் மீதே ரசாயனப் பிணைப்பாக ஒட்டி, உடனே நீரால் கழுவப்பட்டு நீங்குகிறது. ஒரு விநாடிக்குள் ஆயிரக்கணக்கான முறை இது நடைபெறுகிறது. எசெரினையும் நொதி தன் தளப்பொருளென்றே ஏற்றுச் சிதைக்க முற்படுகிறது. ஆனால் அதிலிருந்து நொதியின் மீது ஒட்டும் பகுதி கார்பமைல் என்ற வேறொரு துணுக்கு. அதைக் கழுவ விநாடிகள் போதா, நிமிஷங்கள் பல வேண்டும். அதுவரை நொதி கைகட்டி நிற்கிறது. பிறகு தானாகவே மீள்கிறது. நியூயார்க்கில் இர்வின் வில்சன் என்பவர் 1960ஆம் ஆண்டில் இதை விளக்கினார்.

மீள்கிறது என்பதால்தான் எசெரின் மருந்தாயிற்று. லண்டனின் கிரீனிச்சில் புனித ஆல்ஃபெஜ் மருத்துவமனையில் பணிபுரிந்த மேரி வாக்கர் என்ற மருத்துவர், இமைகள் தாழ்ந்து தசைகள் யாவும் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா என்ற நோய், தென்னமெரிக்க அம்பு விஷமான குராரியின் விளைவை ஒத்திருப்பதைக் கேட்டறிந்து, குராரிக்கு மாற்று எசெரின் ஆயிற்றே, இந்நோய்க்கும் அதைக் கொடுத்தால் என்ன என்று சிந்தித்தார். 1934ஆம் ஆண்டில் ஒரு நோயாளிக்கு அதை ஊசி மூலம் செலுத்தினார். தாழ்ந்திருந்த இமை உயர்ந்தது. சில மணி நேரத்தில் மீண்டும் தாழ்ந்தது என்பதும் உண்மையே. நூற்றுக்கணக்கான பேரைக் கொன்ற சத்தியக் கொட்டை, புகழ்பெற்ற பேராசிரியர்கள் எவரும் எண்ணிப்பாராத ஒரு யோசனையால், நடமாட இயலாதவர்களை எழுந்து அமரச் செய்தது. அந்த அம்மையாருக்கு உரிய பெருமையை அவர் காலத்து மருத்துவ உலகம் தயங்கித் தயங்கியே வழங்கியது என்பதையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

மீளாத தடை எத்தகையது என்பதை உலகம் அறிந்த கதை இருண்டது. பாஸ்பரஸையும் ஃபுளோரினையும் சேர்த்துச் சில பொருள்களைச் செய்த லாங்கே என்ற ரசாயனியும் அவருடைய மாணவி ஃபான் குரூகரும், அவற்றின் ஆவி பட்டதும் மூச்சு முட்டி, பார்வை மங்குவதை 1932ஆம் ஆண்டில் பெர்லினிற் குறித்து வைத்தனர். பயிர்ப் பூச்சிகளைக் கொல்லும் மருந்தைத் தேடிக்கொண்டிருந்த கெர்ஹார்டு ஷ்ரேடர், ஐ. ஜி. ஃபார்பென் கம்பெனியின் லெவர்குசென் ஆய்வுக்கூடத்தில் 1936ஆம் ஆண்டு டிசம்பரில் பாஸ்பரஸ் சேர்ந்த பொருளொன்றைச் செய்தார். சில நாட்களில் அதன் ஒரு துளி சிந்தியதால் அவருக்கும் அவர் உதவியாளருக்கும் கண்மணி சுருங்கி, மூச்சுத் திணறியது. எடின்பரோவில் ராபர்ட்சன் கண்ட அதே கண்மணிச் சுருக்கம்! அப்பொருளே தபுன், ஜெர்மன் இராணுவம் அதை இரகசியமாக்கிக்கொண்டது. 1938இல் அதனினும் கொடிய சாரின் பிறந்தது. பூச்சியைக் கொல்லப் புறப்பட்டவர் மனிதரைக் கொல்லும் புகையைக் கண்டுபிடித்தார். போர் நடந்த காலத்தில் அதே ஷ்ரேடர் பாரத்தியான் என்ற பூச்சிமருந்தையும் ஆக்கினார்.

இவற்றின் செயல் யாதெனில், எசெரின் ஒட்டவைக்கும் கார்பமைல் துணுக்கின் இடத்தில் இவை பாஸ்பரஸ் துணுக்கை ஒட்டவைக்கின்றன. அசிட்டைல் கணப்பொழுதில் நீங்கும். கார்பமைல் நிமிஷக் கணக்கில் நீங்கும். பாஸ்பரஸ் துணுக்கோ நாட்கணக்கில் நீங்குவது, அல்லது நீங்கவே நீங்காதது. ஒரே இடம், ஒரே வகைப் பிணைப்பு. தளப்பொருள், மருந்து, கொலைக்கருவி என்ற மூன்றையும் வேறுபடுத்துவது அப்பிணைப்பு நீடிக்கும் காலம் ஒன்றே. மேலும், ஒட்டிய துணுக்கு சிறிது நேரத்தில் தன்னுடைய ஒரு பகுதியை உதிர்த்துவிட்டு முன்னிலும் இறுகிவிடுகிறது. சில விஷங்களில் அது சில நிமிஷங்களிலும், சிலவற்றில் பல மணி நேரத்திலும் நிகழ்கிறது. அதற்குப் பின் அந்நொதி பயனற்றது. உடல் புதிய நொதியை ஆக்கிக்கொண்டால்தான் உண்டு.

அந்த இறுக்கம் ஏற்படுமுன் துணுக்கைப் பறித்தெடுக்க முடியுமா? இதே வில்சன், நொதியின் கிளர்வு மையத்தில் சரியாகச் சென்று அமர்ந்து பாஸ்பரஸைத் தன்பால் இழுத்துக்கொள்ளத்தக்க அமைப்புடைய ஒரு பொருளைக் காகிதத்தில் வரைந்து பார்த்து, கின்ஸ்பர்க் என்ற துணைவருடன் 1955ஆம் ஆண்டில் அதைச் செய்தும் முடித்தார். இங்கிலாந்திலும் அதே ஆண்டில் தனியே அதைக் கண்டனர். மருத்துவமனைகளில் ‘பாம்’ என்று சுருக்கமாக வழங்கும் மருந்து இதுவே. நொதியின் உருவத்தை எவரும் கண்ணாற் காணாத காலத்தில், தடைப்பொருள்கள் நடந்துகொண்ட விதத்தை மட்டும் வைத்து அவ்விடத்தின் அமைப்பை ஊகித்து மாற்று மருந்து செய்தது, இருபதாம் நூற்றாண்டின் அறிவுச் செயல்களுள் உயர்ந்த வரிசையில் வைக்கத்தக்கது. ஆயினும் இறுகியபின் பாம் பயன்படாது. அட்ரோபின் என்ற மருந்தே அப்பொழுது கைகொடுக்க வேண்டும். அதுவோ நொதியை விடுவிப்பதில்லை. தேங்கிய அசிட்டைல்கோலினின் ஆணையை உறுப்புகள் பல ஏற்காதபடி செய்வது மட்டுமே அதன் தொழில்.

ஷ்ரேடரின் பாரத்தியான், பாலிடால் என்ற பெயரோடு நம் வயல்களுக்கும் வந்து சேர்ந்தது. 1958ஆம் ஆண்டில் கேரளத்தில், பாரத்தியானோடு ஒரே கப்பலில் ஏற்றிவந்த கோதுமை மாவில் அது கசிந்து கலந்துவிட, அந்த மாவை உண்டவர்களில் நூறு பேருக்கு மேல் மாண்டனர். அதன்பின் அமைந்த விசாரணைக் குழுவின் சிபாரிசுகளையொட்டியே, பூச்சிக்கொல்லிகளின் தயாரிப்பையும் விற்பனையையும் போக்குவரத்தையும் கட்டுப்படுத்தும் சட்டம் 1968ஆம் ஆண்டில் இந்தியாவில் இயற்றப்பட்டது. உணவையும் பூச்சிமருந்தையும் ஒரே வண்டியில் ஏற்றுவோரும், ஒரே அலமாரியில் வைப்போரும் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். இதைப் படிக்கும் குடியானவர்களும் கடைக்காரர்களும் அவ்வாறு செய்யாதிருக்க வேண்டுகிறேன்.

இதுகாறும் கண்ட தடைகள் யாவும் வெளியிலிருந்து வந்தவை. உடலே தன் நொதிகளுக்குத் தானே தடை விதித்துக்கொள்வதை 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அம்பார்கர் என்பவர் ஒரு சாதாரணக் குடற்கிருமியிடம் கண்டார். அவ்வரலாறு அடுத்த இதழில் வரும்.